ரத்தத்தில் ஈஸ்ட்: ஆன்டிஃபங்கல் சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் லேபில் பூஞ்சைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஐசியூவிலிருந்து வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "மேடம், பிளட்ல ஈஸ்ட்னு சொன்னீங்களே, சென்சிட்டிவிட்டி வந்துடுச்சா?" ரிப்போர்ட் போன பிறகு இன்னொரு போன் வரும்: "இந்த மருந்துக்கு எம்ஐசி கம்மியா இருக்கு, இதையே போட்டுடலாமா?" டியூட்டி டாக்டர்கள், முதுநிலை மாணவர்கள், புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்கள், சில சமயம் கையில் ரிப்போர்ட்டோடு வந்து நிற்கும் நோயாளியின் பிள்ளைகள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சென்சிட்டிவிட்டி என்பது எந்த ஆன்டிஃபங்கலுக்கு, அதாவது எந்தப் பூஞ்சை மருந்துக்கு, அந்த ஈஸ்ட் அடங்கும் என்று பார்க்கும் டெஸ்ட். எம்ஐசி என்பது அதில் வரும் எண், கீழே விளக்கியிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்வார். அந்த முடிவுக்கு உதவும் ரிப்போர்ட் எப்படி உருவாகிறது, அதை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ரத்தத்தில் ஈஸ்ட் என்கிறார்கள். ரொட்டி மாவை உப்பவைக்கும் அதே ஈஸ்டா?

சொந்தம்தான், ஆனால் ஆள் வேறு. ரத்தத்தில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் கேண்டிடா வகை ஈஸ்ட். நம் வாயிலும் குடலிலும் தோலிலும் சும்மா இருப்பதுதான். உடம்பு நன்றாக இருக்கும்வரை தொந்தரவு இல்லை. ஐசியூவில் நிலைமை மாறிவிடுகிறது. கழுத்து ரத்தக்குழாயில் செருகிய சென்ட்ரல் லைன் என்ற குழாய், நாள்கணக்கில் பல ஆன்டிபயாடிக், வயிற்று அறுவை, டயாலிசிஸ், நரம்பு வழியாகவே முழு உணவு, எடை குறைந்து பிறந்த குழந்தை, இப்படிப்பட்ட சூழலில் அது ரத்தத்துக்குள் நுழைந்துவிடும்.

பாக்டீரியா விஷயத்தில் "தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், விடுங்கள்" என்று சில சமயம் சொல்வோம். பிளட் கல்ச்சரில் ஈஸ்ட் வந்தால் அப்படிச் சொல்லவே கூடாது. ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் நிஜம் என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்க வேண்டும். இந்தியாவில் 27 ஐசியூக்களில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வில் 1,400 நோயாளிகளுக்கு இந்தத் தொற்று பதிவானது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 44.7 சதவீதம்.

பிளட் கல்ச்சர் நெகட்டிவ். அப்படியென்றால் பூஞ்சை இல்லைதானே?

அப்படி நிம்மதியாக இருந்துவிட முடியாது. உடம்புக்குள் ஆழமாகப் பரவிய கேண்டிடா தொற்றில் பிளட் கல்ச்சர் கிட்டத்தட்ட பாதியைத்தான் பிடிக்கிறது. அதிலும் பாட்டிலில் இரண்டு மி.லி. ரத்தம் மட்டும் விட்டு அனுப்பினால் பிடிபடுவது இன்னும் குறையும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வேண்டும். நல்ல ரிப்போர்ட் வேண்டுமென்றால் அது ஊசி குத்தும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று நர்சிங் வகுப்புகளில் ஒவ்வொரு முறையும் சொல்வேன். கல்ச்சர் வராவிட்டால் மருந்து டெஸ்ட் செய்ய எங்களிடம் எதுவுமே இருக்காது.

பாட்டில் பாசிட்டிவ் என்று மெஷின் சொன்ன பிறகு என்ன நடக்கிறது?

மெஷினில் விளக்கு எரிந்ததும் பாட்டிலை எடுத்து, ஒரு சொட்டை ஸ்லைடில் தடவி கிராம் ஸ்டெயின் போடுவோம். மைக்ராஸ்கோப்பில் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிதான, கரு ஊதா நிற முட்டை வடிவங்கள் தெரியும். ஒன்றின் தோளில் இன்னொன்று மொட்டு விட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் நீளமாக இழுத்துக் கட்டிய மாலை போலவும் இருக்கும். அதைப் பார்த்தவுடன் கையுறையைக் கழற்றிவிட்டு முதலில் போனைத்தான் எடுக்க வேண்டும். ரிப்போர்ட் டைப் ஆகி, கையெழுத்தாகி, வார்டுக்குப் போகும்வரை காத்திருக்கக் கூடாது.

அப்புறம் பூஞ்சை வளர்க்கும் சபரோ அகாரிலும், கேண்டிடாவின் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நிறம் காட்டும் க்ரோம் அகாரிலும் தடவுவோம். மறுநாள் க்ரோம் அகாரில் பச்சை வந்தால் அல்பிகன்ஸ், உலோகம் போல மின்னும் நீலம் வந்தால் ட்ராபிகாலிஸ், ஓரம் படர்ந்த சொரசொரப்பான இளஞ்சிவப்பு வந்தால் க்ரூஸி என்று ஓர் ஊகம் கிடைக்கும். ஊகம்தான். உறுதி செய்ய, ஈஸ்டின் புரதங்களை வைத்து இனத்தைச் சொல்லும் மால்டி-டாஃப் போன்ற முறைகள் வேண்டும். சென்சிட்டிவிட்டி டெஸ்ட் அகாரில் இப்படித் தனிப் பொட்டாக வளர்ந்த ஈஸ்டிலிருந்துதான், அதாவது தனிக் காலனியிலிருந்துதான், தொடங்கும். அதனால்தான் பாட்டில் பாசிட்டிவ் ஆன அன்றைக்கே எம்ஐசி கேட்டால் தர முடிவதில்லை. பாட்டில் பாசிட்டிவ் ஆன நேரத்திலிருந்து, எல்லாம் சரியாக நடந்தால், இரண்டு மூன்று நாள் ஆகும்.

மருந்து பெயரைக் கேட்டால் முதலில் இனத்தின் பெயரையே சொல்கிறீர்களே, ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மைகாஃபங்கின் என்ற பூஞ்சை மருந்துக்கு எம்ஐசி 1 என்று ஒரு ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அல்பிகன்ஸாக இருந்தால், அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ தரநிலைப்படி ரெசிஸ்டன்ட் (மருந்துக்கு அடங்காதது). அங்கே 0.25 வரைதான் சென்சிட்டிவ் (அடங்குவது). அதே 1, பாராப்சிலோசிஸாக இருந்தால் சென்சிட்டிவ். ஏனென்றால் பாராப்சிலோசிஸுக்கு 2 வரை சென்சிட்டிவ் என்று வைத்திருக்கிறார்கள். இந்த மருந்து குறிவைக்கும் என்சைமை உருவாக்கும் எஃப்கேஎஸ்1 ஜீனிலேயே அந்த இனத்துக்குப் பிறவியில் ஒரு மாற்றம் இருப்பதால் அதன் எண்கள் இயல்பிலேயே சற்று மேலே இருக்கும். ஆக எண் ஒன்றே, தீர்ப்பு இரண்டு. இனத்தின் பெயர் இல்லாமல் வெறும் "கேண்டிடா இனம், எம்ஐசி 1" என்று வரும் ரிப்போர்ட்டை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

ஃப்ளூகோனசோலிலும் இதே கதைதான். அல்பிகன்ஸ், ட்ராபிகாலிஸ், பாராப்சிலோசிஸ் மூன்றுக்கும் 2 வரை சென்சிட்டிவ், 4 என்றால் டோஸ் கூட்டிக் கொடுத்தால் கேட்கும், 8ம் அதற்கு மேலும் ரெசிஸ்டன்ட். க்ளாப்ராட்டாவுக்கு சென்சிட்டிவ் என்ற கட்டமே கிடையாது. 32 வரை "டோஸைப் பொறுத்து", 64 வந்தால் ரெசிஸ்டன்ட். க்ரூஸிக்கு டெஸ்டே வேண்டாம். அது பிறவியிலேயே ஃப்ளூகோனசோலுக்கு அடங்காதது. டெஸ்டில் ஏதோ ஓர் எண் வந்தாலும் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது.

அல்பிகன்ஸ்தான் உலகெங்கும் முதலிடம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். மேலே சொன்ன 27 ஐசியூ ஆய்வில் முதலிடம் ட்ராபிகாலிஸுக்கு, 41.6 சதவீதம். அல்பிகன்ஸ் அதில் பாதிதான், 20.9 சதவீதம். வெளிநாட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நம் ஐசியூவில் இனத்தை ஊகிக்க முடியாது.

எம்ஐசி என்றால் என்ன? அந்த எண் எங்கிருந்து வருகிறது?

ஈஸ்டின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்து அளவு. ஒரு மி.லி.க்கு எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதுவோம். எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த எண் மீது சரியான அளவு மரியாதை வரும். கூடவும் வராது, குறையவும் வராது.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. எட்டு வரிசை, பன்னிரண்டு நெடுவரிசை, மொத்தம் 96 குழி. ஒரு வரிசைக்கு ஒரு மருந்து. ஃப்ளூகோனசோல் என்றால் முதல் குழியில் 64, அடுத்ததில் 32, பிறகு 16 என்று பாதி பாதியாகக் குறைந்து பத்தாவது குழியில் 0.12. பதினொன்றாவதில் மருந்தே இல்லை, ஈஸ்ட் மட்டும். பன்னிரண்டாவதில் ஈஸ்டே இல்லை, வளர்ப்புத் திரவம் மட்டும். திரவம் ஆர்பிஎம்ஐ 1640. அமிலக் காரத் தன்மை 7.0இல் நிற்கும்படி மாப்ஸ் என்ற பஃபர் சேர்த்தது.

ஒரு நாள் வளர்ந்த காலனிகளில் ஐந்தைத் தொட்டு, உப்புநீரில் கலக்கி, கலங்கல் 0.5 மேக்ஃபர்லாண்ட் வரும்வரை சரிபார்த்து, அதை முதலில் ஐம்பதில் ஒன்றாகவும் பிறகு இருபதில் ஒன்றாகவும் நீர்க்கச் செய்வோம். குழியில் போய்ச் சேரும்போது மி.லி.க்கு 500 முதல் 2,500 செல் இருக்க வேண்டும். இங்கே கை கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டால் எம்ஐசி பொய்யாக ஏறிவிடும். ஆகவே தட்டில் விட்ட அதே திரவத்தில் கொஞ்சம் எடுத்து அகாரில் பரப்பி, மறுநாள் காலனி எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். 35 டிகிரியில் 24 மணி நேரம்.

காலையில் தட்டை எடுத்து, கீழே சாய்ந்த கண்ணாடி வைத்த ஸ்டாண்டில் வைத்துப் பார்ப்போம். மருந்து இல்லாத குழியின் அடியில் வெள்ளைப் பொட்டு பளிச்சென்று இருக்கும். ஆம்போடெரிசின் வரிசையில் பொட்டு முழுதாக மறைந்த முதல் குழிதான் கணக்கு. அசோலுக்கும் (ஃப்ளூகோனசோல் வகை) எக்கினோகேண்டினுக்கும் (மைகாஃபங்கின், கேஸ்போஃபங்கின் வகை) அப்படியில்லை. மருந்தில்லாத குழியோடு ஒப்பிட்டு வளர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைந்த இடத்தைக் குறிக்க வேண்டும். "பாதி" என்பதைக் கண்ணால் தீர்மானிக்கிறோம். அனுபவம் இங்கேதான் வேலை செய்கிறது.

இன்னொன்று. இன்றைக்கு 1 வந்தது நாளைக்கு 0.5 என்றோ 2 என்றோ வந்தால் அது பிழையில்லை. ஒரு படி மேலே கீழே போவது இந்த டெஸ்டின் இயல்பு. ஒவ்வொரு முறையும் தெரிந்த இரண்டு ஈஸ்டுகளை, ஏடிசிசி என்ற அமெரிக்கச் சேகரிப்பின் 22019 எண் பாராப்சிலோசிஸையும் 6258 க்ரூஸியையும், கூடவே ஓட்டுவோம். அவற்றின் எண் வரம்புக்குள் வராவிட்டால் அன்றைக்கு நோயாளியின் ரிப்போர்ட்டும் போகாது.

எங்கள் லேபில் ஒரே ஈஸ்டை ஒருவர் சென்சிட்டிவ் என்கிறார், இன்னொருவர் ரெசிஸ்டன்ட் என்கிறார். எப்படி?

அது ட்ராபிகாலிஸாகவோ அல்பிகன்ஸாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். அசோல் வரிசையில் வளர்ச்சி ஒரு குழியில் சட்டென்று குறையும். அதன் பிறகு எவ்வளவு மருந்து கூட்டினாலும் லேசான கலங்கல் கடைசிவரை வால் மாதிரி நீண்டுகொண்டே போகும். இதை ட்ரெய்லிங் என்கிறோம். குறைந்த இடத்தைக் குறித்தால் 0.5. வாலையும் வளர்ச்சி என்று எண்ணினால் 64. நோயாளிக்கு ஒன்று விலை குறைந்த நல்ல மருந்து கிடைக்கிறது, அல்லது காரணமே இல்லாமல் மறுக்கப்படுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ட்ராபிகாலிஸ் தட்டை விடுமுறை காரணமாக 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து ரெசிஸ்டன்ட் என்று எழுதிவிட்டேன். கையெழுத்துக்குப் போகும் முன் எங்கள் சீனியர் டெக்னீஷியன் அக்கா பார்த்துவிட்டு, "திரும்பப் போடும்மா, நாளைக்குக் காலையில நாம ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம்" என்றார். 24 மணியில் படித்தபோது அது தெளிவாக சென்சிட்டிவ். அன்றிலிருந்து விடுமுறைக்கு முந்தைய நாள் தட்டுப் போட்டால், மறுநாள் யார் வந்து படிப்பார் என்பதை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் போடுகிறேன். நேரம் தப்பினால் ட்ரெய்லிங் பொய் சொல்லும்.

சிஎல்எஸ்ஐ, யூகாஸ்ட் என்று இரண்டு இருக்கிறதே. எதைப் பின்பற்றுவது?

எதுவானாலும் சரி, கலக்காதீர்கள். யூகாஸ்ட் ஐரோப்பியத் தரநிலை. அதில் குளுக்கோஸ் 2 சதவீதம், ஈஸ்ட் அளவு சிஎல்எஸ்ஐயைப் போல நூறு மடங்கு, தட்டின் குழிகள் தட்டையான அடி, கண்ணுக்குப் பதிலாக ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் படிக்கும். சென்சிட்டிவ், ரெசிஸ்டன்ட் என்று பிரிக்கும் எண்களான வெட்டுப்புள்ளிகளும் வேறு. ஒரு முறையில் டெஸ்ட் செய்து இன்னொன்றின் அட்டவணையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது அடியில் அளந்த துணியை மீட்டர் கணக்கில் வெட்டுவது போன்றது. எந்த முறை, எந்த ஆண்டு அட்டவணை என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் நாலு மருந்து இருக்கிறது. எம்ஐசி எதற்குக் குறைவோ அதுதான் சிறந்த மருந்தா?

இல்லை. எனக்கு அதிகம் வரும் போன் இதற்குத்தான். மைகாஃபங்கின் 0.06, ஃப்ளூகோனசோல் 1 என்று இருந்தால் மைகாஃபங்கின் பதினாறு மடங்கு நல்லது என்று பொருளில்லை. ஒவ்வொரு மருந்தும் ரத்தத்தில் எட்டும் அளவு வேறு, வேலை செய்யும் விதம் வேறு. ஒரு மருந்தின் எண்ணை அதன் சொந்த வெட்டுப்புள்ளியோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும்.

அதோடு, மருந்து எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தட்டுக்குத் தெரியாது. எக்கினோகேண்டின் மருந்துகள் கண்ணுக்குள்ளும் மூளைக்குள்ளும் சிறுநீரிலும் சரியாகப் போவதில்லை. ரத்தத்தில் கேண்டிடா வந்தவருக்கு விழித்திரையில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால், ரிப்போர்ட்டில் சென்சிட்டிவ் என்று இருந்தாலும் அந்த மருந்தை மட்டும் நம்ப முடியாது. கண் மருத்துவரை ஒரு தடவை அழைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மெஷின், ஸ்ட்ரிப், டிஸ்க் இவையெல்லாம் நம்பகமானவையா?

பெரும்பாலான லேபுகளில் மேலே சொன்ன தட்டைக் கையால் போட ஆளும் நேரமும் இல்லை. ஆகவே இவைதான் நடைமுறை. வைடெக் 2 மெஷினில் கார்டைச் செருகினால் அதுவே படித்துவிடும். மருந்தளவு படிப்படியாகக் குறையும் கிரேடியன்ட் ஸ்ட்ரிப்பை அகார் மேல் வைத்தால் அதைச் சுற்றி ஈஸ்ட் வளராத முட்டை வடிவ இடம் விழும்; அதன் ஓரம் ஸ்ட்ரிப்பைத் தொடும் இடம் எம்ஐசி. யீஸ்ட்ஒன் தட்டில் வளர்ச்சி இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும், புதியவர்களுக்குப் படிக்க எளிது. மருந்து தோய்ந்த டிஸ்க் மிகவும் மலிவு: முல்லர்-ஹின்டன் அகாரில் 2 சதவீதம் குளுக்கோஸும் கொஞ்சம் மெத்திலின் ப்ளூவும் சேர்த்து, 25 மைக்ரோகிராம் ஃப்ளூகோனசோல் டிஸ்க் வைத்தால், அல்பிகன்ஸ் போன்றவற்றுக்கு 17 மி.மீ. அல்லது அதற்கு மேல் வட்டம் வந்தால் சென்சிட்டிவ். ஃப்ளூகோனசோலுக்கு முதல் வடிகட்டியாக டிஸ்க் நல்ல வேலை செய்யும். ஆம்போடெரிசினுக்கு டிஸ்க் போட்டு ரிப்போர்ட் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஏற்கப்பட்ட வெட்டுப்புள்ளியே கிடையாது. கொடுக்காதீர்கள்.

கேஸ்போஃபங்கினுக்கு மட்டும் ஏன் தயங்குகிறீர்கள்?

ஒரே ஈஸ்டை வெவ்வேறு லேபுகளுக்குக் கொடுத்தால் கேஸ்போஃபங்கின் எண் மட்டும் ஏகத்துக்கும் மாறி மாறி வருகிறது. இதனாலேயே யூகாஸ்ட் அதற்கு வெட்டுப்புள்ளி வைக்கவில்லை. மைகாஃபங்கினையும் அனிடுலாஃபங்கினையும் டெஸ்ட் செய்து, இரண்டும் சென்சிட்டிவ் என்றால் கேஸ்போஃபங்கினையும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. போதாததற்கு, சில ஈஸ்டுகள் குறைந்த அளவில் அடங்கி மிக அதிக அளவில் மறுபடி வளர்ந்து காட்டும். அதை ரெசிஸ்டன்ஸ் என்று எழுதிவிடக் கூடாது. கேஸ்போஃபங்கின் மட்டும் ரெசிஸ்டன்ட், மைகாஃபங்கின் சென்சிட்டிவ் என்று வந்தால் நான் ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்து மறுபடி ஓட்டுவேன்.

ஆம்போடெரிசின் எல்லா ஈஸ்டுக்கும் சென்சிட்டிவ் என்றே வருகிறதே?

பெரும்பாலும் உண்மைதான். ஆனால் டெஸ்டின் பலவீனமும் உண்டு. நல்ல ஈஸ்டுக்கும் கெட்ட ஈஸ்டுக்கும் எண்கள் மிக நெருக்கமாக விழுகின்றன. 1க்கும் 2க்கும் ஒரு படிதான் வித்தியாசம், அந்த ஒரு படி ஆட்டம் டெஸ்டின் இயல்பிலேயே இருக்கிறது. ஆகவே எல்லைக்கோட்டில் வரும் எண்ணை இரண்டாவது முறையில் உறுதி செய்யாமல் சொல்லாதீர்கள்.

கேண்டிடா ஆரிஸ் என்றால் ஏன் எல்லோரும் பதறுகிறார்கள்?

2009இல் ஜப்பானில், 70 வயதுப் பெண்மணி ஒருவரின் காதிலிருந்து எடுத்த ஈஸ்டுக்கு வைத்த பெயர் இது. ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. நான்கே ஆண்டுகளில், 2013இல், டெல்லியிலிருந்து ரத்தத் தொற்றாக அறிக்கை வந்தது. முன் சொன்ன 27 ஐசியூக்களில் சேமித்த ஈஸ்டுகளைப் பிறகு தோண்டிப் பார்த்தபோது 74 ஆரிஸ் இருந்தன, 5.3 சதவீதம். 19 ஐசியூக்களில் இருந்தன. அதாவது பெயர் தெரியாமலேயே நம்மிடையே இருந்திருக்கிறது. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக அவசரப் பிரிவில் இருக்கும் நான்கில் ஒன்று இது.

பதற்றத்துக்கு மூன்று காரணம். முதலாவது, ஃப்ளூகோனசோலுக்குப் பெரும்பாலும் கேட்காது. அமெரிக்காவில் டெஸ்ட் செய்தவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் ஃப்ளூகோனசோலுக்கும் 30 சதவீதம் ஆம்போடெரிசினுக்கும் அடங்கவில்லை. எக்கினோகேண்டினுக்கு அடங்காதவை 5 சதவீதத்துக்குக் குறைவு. ஆகவே அதுதான் முதல் மருந்து. இரண்டாவது, படுக்கைக் கம்பியிலும் தோலிலும் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும்.

மூன்றாவது லேப் சம்பந்தப்பட்டது. பழைய மென்பொருள் கொண்ட வைடெக் இதை கேண்டிடா ஹேமுலோனி என்று சொல்லும். மெஷின் ஹேமுலோனி என்றாலே நாங்கள் ஆரிஸ் என்று சந்தேகித்து, மால்டி-டாஃப் அல்லது ஜீன் வரிசை பார்த்து உறுதி செய்வோம். 42 டிகிரியிலும் அது வளர்வது ஒரு துப்பு. அடுத்த பொறி: ஆரிஸுக்கு வைடெக் ஆம்போடெரிசின் எம்ஐசியைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதை நம்பி மருந்தைக் கைவிடும் முன் ஸ்ட்ரிப்பிலோ தட்டிலோ சரிபார்க்க வேண்டும். வெட்டுப்புள்ளிக்கு, அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி தற்காலிகமாகச் சொன்ன எண்களைப் பயன்படுத்துகிறோம்: ஃப்ளூகோனசோல் 32, ஆம்போடெரிசின் 2, கேஸ்போஃபங்கின் 2, மைகாஃபங்கின் 4, இவையும் இதற்கு மேலும் ரெசிஸ்டன்ட்.

இப்போது இதைக் கேண்டிடோசைமா ஆரிஸ் என்று மாற்றியிருக்கிறார்கள். க்ளாப்ராட்டா நாகசியோமைசிஸ் ஆகிவிட்டது, க்ரூஸி பிச்சியா ஆகிவிட்டது. ரிப்போர்ட்டில் சில காலத்துக்குப் புதுப் பெயரோடு பழைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். நடுராத்திரி டியூட்டி டாக்டருக்குப் பிச்சியா என்றால் க்ரூஸி என்று நினைவுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஈஸ்ட் எப்படி மருந்துக்கு அடங்காமல் போகிறது?

அசோல் மருந்து, ஈஸ்டின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டிரால் தயாரிப்பைத் தடுக்கிறது. ஈஸ்ட் அந்தத் தயாரிப்பில் வேலை செய்யும் இஆர்ஜி11 என்சைமின் வடிவத்தை லேசாக மாற்றிக்கொள்ளும், மருந்து போய் உட்கார முடியாது. அல்லது உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் பம்புகளைப் பெருக்கிக்கொள்ளும். க்ளாப்ராட்டாவின் வழி பெரும்பாலும் இதுதான். எக்கினோகேண்டினுக்கு எஃப்கேஎஸ் ஜீன்களில் குறிப்பிட்ட சில இடங்களில் மாற்றம் வரும். அந்த மாற்றம் இருந்தால், எம்ஐசி எல்லைக்கோட்டில் இருந்தாலும் சிகிச்சை தோற்கும் வாய்ப்பு அதிகம்.

சென்சிட்டிவ் என்று கொடுத்தீர்கள். ஐந்து நாள் ஆகியும் அப்பாவுக்குக் காய்ச்சல் குறையவில்லையே?

இந்தக் கேள்வியோடு வருபவர்களின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது கஷ்டம். டெஸ்ட் தவறாக இருக்க வேண்டும் என்பதில்லை. சென்சிட்டிவ் என்று வந்த தொற்றுகளில் பத்தில் ஒன்பது போல தேறுகின்றன, ரெசிஸ்டன்ட் என்று வந்தவற்றிலும் பத்தில் ஆறு போல தேறுகின்றன என்பது இந்தத் துறையில் வெகுகாலமாகச் சொல்லும் தோராயக் கணக்கு. மீதி எங்கே போகிறது? பழைய சென்ட்ரல் லைன் அப்படியே இருந்தால் அதன் உட்சுவரில் ஈஸ்ட் படலமாகப் படிந்திருக்கும், மருந்து அங்கே எட்டாது. வயிற்றில் சீழ்க்கட்டி, இதய வால்வில் தொற்று, முதல் டோஸ் போதாமை, வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பு, இவையெல்லாம் உண்டு. மருத்துவரிடம் "லைன் மாத்தியாச்சா, எக்கோ பார்த்தீங்களா, திரும்ப கல்ச்சர் எடுத்தீங்களா" என்று கேளுங்கள். தப்பில்லை.

ரிசல்ட் வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்கலாமா?

கூடாது. கிராம் ஸ்டெயினில் ஈஸ்ட் என்று போன் வந்தவுடனே தொடங்க வேண்டும். பெரும்பாலான வழிகாட்டுதல்கள் எக்கினோகேண்டினைத்தான் முதலில் சொல்கின்றன. எங்கள் ரிப்போர்ட்டின் பெரிய பயன் அதற்குப் பிறகு: ஈஸ்ட் ஃப்ளூகோனசோலுக்கு சென்சிட்டிவ், நோயாளி தேறுகிறார், மறுகல்ச்சர் நெகட்டிவ் என்றால் விலை கூடிய ஊசியிலிருந்து ஃப்ளூகோனசோலுக்கு மாறலாம். ரத்தம் சுத்தமான நாளிலிருந்து 14 நாள் கணக்கு. மறுகல்ச்சர் எடுக்காவிட்டால் அந்த நாள் எது என்றே தெரியாது. குடும்பத்தின் கையிலிருந்து போகும் பணத்தை நினைத்தால், சரியான நேரத்தில் வரும் ஒரு நல்ல ஃப்ளூகோனசோல் ரிசல்ட் எவ்வளவு பெரிய உதவி என்று புரியும்.

சளியிலும் சிறுநீரிலும் வந்த ஈஸ்டுக்கும் டெஸ்ட் செய்யலாமா?

சளிக்கு வேண்டாம். சிறுநீருக்கும் பெரும்பாலும் வேண்டாம். சென்சிட்டிவிட்டி எழுதி அனுப்பினால் தேவையில்லாத சிகிச்சைக்கு நாமே வழி விடுகிறோம். ரத்தம், மூளைத் தண்டுவட நீர், மூடிய இடங்களிலிருந்து எடுத்த சீழ், இவற்றுக்குக் கட்டாயம். ரத்தத்தில் வந்த எல்லா கேண்டிடாவுக்கும் அசோல் டெஸ்ட் வேண்டும். க்ளாப்ராட்டா, பாராப்சிலோசிஸ், ஏற்கெனவே எக்கினோகேண்டின் வாங்கியவர் என்றால் அந்த மருந்துக்கும் வேண்டும்.

முதல் ரிப்போர்ட் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து வந்த ஈஸ்டுக்கும் மறுபடி செய்ய வேண்டுமா?

ஆம். சிகிச்சையில் இருக்கும்போதே எதிர்ப்பு உருவாகலாம், குறிப்பாக எக்கினோகேண்டின் வாங்கும்போது க்ளாப்ராட்டாவில். சில சமயம் வேறு இனமே வந்திருக்கும். முதல் ஈஸ்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் கிளிசராலில் மைனஸ் 70இல் வைத்திருந்தால் இரண்டையும் ஒரே தட்டில், ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஓட்டிப் பார்க்கலாம். அப்போதுதான் எண் உண்மையாகவே ஏறியதா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆன்டிஃபங்கல் டெஸ்ட் வசதியே இல்லை. என்ன செய்வது?

உங்களால் முடிந்த இரண்டைச் செய்யுங்கள். க்ரோம் அகாரும் ஜெர்ம் ட்யூப்பும் எந்த லேபிலும் செய்யலாம். ஜெர்ம் ட்யூப்புக்கு, ஈஸ்டைச் சீரத்தில் கலந்து 37 டிகிரியில் இரண்டரை மணி நேரம் வைத்துப் பார்த்தால் அல்பிகன்ஸ் வால் விட்டிருக்கும். இனம் தெரிந்தாலே பாதி மருந்து முடிவு தெரிந்துவிடும். அதோடு ஃப்ளூகோனசோல் டிஸ்க் ஒன்று.

மீதிக்கு ஈஸ்டை அனுப்புங்கள். உங்கள் பகுதி மருத்துவக் கல்லூரி லேபுக்கோ, சண்டிகர் பிஜிஐ போன்ற பூஞ்சை ஆய்வு மையத்துக்கோ அனுப்பலாம். பாட்டில் வேண்டாம். சபரோ அகார் சாய்வில் சுத்தமாக வளர்த்து, திருகு மூடி இறுக்கி, மூன்று அடுக்காகப் பொதிந்து அனுப்ப வேண்டும். படிவத்தில் நோயாளி ஏற்கெனவே என்னென்ன ஆன்டிஃபங்கல், எத்தனை நாள் வாங்கினார் என்ற கட்டம் இருக்கும். பெரும்பாலும் அது காலியாகத்தான் வருகிறது. வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டாவது நிரப்புங்கள். எக்கினோகேண்டினையும் சேர்த்து ஓட்டலாமா, எஃப்கேஎஸ் ஜீன் வரை பார்க்கலாமா என்று அங்கே இருப்பவர் முடிவெடுப்பது அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான்.